சீவகன் தள்ளிய யாழும் பிளாஸ்டிக் கிட்டாரும்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! தன் பிழையைத் தான் ஏற்காதவரின் வாயை அடைப்பதற்கு இதைவிடக் கூர்மையான பழமொழி தமிழில் இல்லை. ஆனால் இதில் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அவள் அப்படிச் சொன்ன பிறகு யாரேனும் ஒருவர் எழுந்துபோய்க் கூடத்தை அளந்து பார்த்தாரா? பழமொழி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அளக்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரை, கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியது. கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் என்ற பெயர்களில் வந்த இசை வீடியோ விளையாட்டுகளையும், அவற்றோடு விற்கப்பட்ட கம்பியில்லாக் கிட்டார்களையும் முரசுகளையும் குறித்தே பேசப்போகிறேன். அந்தக் கருவிகள் பழுதாகும்போது என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. பழியை யார் சுமப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. "ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவு பேச்சா?" என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்து வாசிக்கவேண்டும்.

முதலில் ஆட்டத்தை அறியாதவர்களுக்காக. ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, ரெட்ஆக்டேன் நிறுவனம் வெளியிட்ட முதல் கிட்டார் ஹீரோ 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. அதனோடு வந்த கிட்டாரில் நரம்புகள் கிடையாது. வீணையில் மெட்டுகள் இருக்கும் இடத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பொத்தான்கள். வலக்கை மீட்டும் இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு பட்டை. திரையில் சாலைபோல விரியும் பாதையில் வண்ணப் புள்ளிகள் நம்மை நோக்கி வரும். அவை கோட்டைத் தொடும் கணத்தில் உரிய பொத்தானை அழுத்திப் பட்டையை மீட்டவேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பாட்டில் கிட்டார் ஒலி அறுந்துபோகும், மதிப்பெண் கிடைக்காது.

முதற்கருவி கம்பியுடையது. கம்பியில்லாக் கிட்டார்கள் வீடுகளில் பரவலானது 2007-ல்தான். அவ்வாண்டு அக்டோபரில் கிட்டார் ஹீரோ மூன்றாம் பதிப்பு லெஸ் பால் வடிவிலான கருவியோடு வந்தது. நவம்பரில் ராக் பேண்ட், கிட்டார், முரசு, ஒலிவாங்கி என ஒரு குழுவையே பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு வந்தது. கம்பி போயிற்று. கம்பியோடு, பழுது எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் வசதியும் போயிற்று.

2009-ல் அமெரிக்காவில் ஒரு நண்பரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவர் மகளுக்கு அப்போது பதினொரு வயது. வரவேற்பறையில் புதிதாக வாங்கி மாட்டியிருந்த பெரிய தட்டைத் தொலைக்காட்சியின் முன் அவள் அந்தக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு பாட்டிலும் பாதிக்கு முன்பே ஆட்டம் அவளை வெளியேற்றிவிடும். "நான் கரெக்டாத்தான் அடிக்கிறேன்ப்பா, அதுதான் லேட்டாக் காட்டுது" என்றாள். தந்தை பேட்டரியை மாற்றினார். கருவியை மறுபடி இணைத்தார். பயனில்லை. பிறகு சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியைச் சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கிட்டாரைக் கழற்றிச் சோபாவில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் கழித்து, விருந்தினருக்கு இடம் வேண்டுமென்று ஆட்டப்பெட்டியை உள்ளறைக்கு மாற்றி, அங்கிருந்த பழைய குழாய்த் தொலைக்காட்சியில் பொருத்தினார்கள். அதே பெண், அதே கிட்டார், அதே பாட்டு. இறுதிவரை வாசித்து முடித்தாள். கூடம்தான் கோணல்.

அன்று எனக்குச் சீவகன் நினைவுக்கு வந்தான். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன், கையில் கொடுத்ததை வாங்கி உடனே மீட்டத் தொடங்கவில்லை. கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தள்ளுகிறான். இது நீரில் கிடந்து கெட்ட மரம், இது இடி விழுந்த மரம், இது வாள் பட்ட மரம் என்று காரணம் சொல்கிறான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து உள்ளே இருக்கும் மயிரைக் காட்டுகிறான். அவையில் யாரும் "மீட்டத் தெரியாதவன் யாழ் கோணல் என்றான்" என்று நகைக்கவில்லை. கருவியின் குற்றத்தை அறிவது கலைஞனின் புலமையில் ஒரு பகுதி என்று அந்த அவை கருதியது. அந்தப் பதினொரு வயதுப் பெண்ணுக்குச் சீவகனின் அவையில் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு இவ்வளவுதான்.

நிற்க. குற்றச்சாட்டு வைத்தால் போதாது, ஆராயும் முறையையும் சொல்லவேண்டும். கம்பியில்லாக் கிட்டார் சரியாக இயங்கவில்லை என்றால் பெரும்பாலோர் செய்வது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பது. அது மருத்துவம் ஆகாது. பிழை எந்த உருவத்தில் வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். பிழை எப்போதும் ஒரே பக்கமாக, எல்லா நிறத்திலும் ஒரே அளவில் பிந்தியோ முந்தியோ வருகிறதா? குற்றம் கிட்டாரில் இல்லை, திரையிலோ ஒலிபெருக்கியிலோ இருக்கிறது. ஒழுங்கில்லாமல் அவ்வப்போது விட்டுவிட்டு வருகிறதா? பேட்டரியையோ வானொலி அலையையோ ஐயுறவேண்டும். ஒரு நிறம் மட்டும் விழவில்லையா? தொடர்பு முனையைப் பாருங்கள். எல்லா நிறமும் நன்றாயிருந்து மீட்டல் மட்டும் இரண்டாக விழுகிறதா, அல்லது விழாமலே போகிறதா? பட்டையின் அடியில் உள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. இவை எவற்றிலும் அடங்காமல், கடினமான இடங்களில் மட்டும் பிழை வருகிறதா? அப்போதுதான், அதற்குப் பிறகுதான், கையைக் குறை சொல்லலாம்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பழைய குழாய்த் தொலைக்காட்சி தனக்கு வந்த படத்தை வந்த கணமே காட்டிவிடும். தட்டைத் தொலைக்காட்சிகள் அப்படியல்ல. வந்த படத்தைத் தம் திரையின் அளவுக்குப் பெரிதாக்கி, கூர்மைப்படுத்தி, நிறம் திருத்தி, அதன் பிறகே காட்டும். இந்த ஒப்பனைக்கு 50 மில்லிவிநாடி ஆகலாம், சிலவற்றில் 100-ஐயும் தொடலாம். திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை, ஒலியையும் சேர்த்தே தாமதப்படுத்தினால் போதும். ஆடுபவருக்கு அப்படியல்ல. நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிவிநாடி. அந்த அடியை நான்காகப் பிரித்தால் ஒரு பங்கு 125. திரை 70 மில்லிவிநாடி பிந்தினால் அந்தக் கால் அடியில் பாதிக்கும் மேல் போய்விட்டது. ஆட்டம் மன்னிக்கும் இடைவெளியோ விநாடியின் பத்திலொரு பங்கு என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. காதை நம்பி வாசித்தால் கண்ணுக்குத் தவறு, கண்ணை நம்பி வாசித்தால் காதுக்குத் தவறு.

இதற்கு மருந்து இரண்டு. தொலைக்காட்சியின் பட்டியலில் 'கேம் மோட்' என்று ஒன்று இருக்கும். அது ஒப்பனைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். மற்றது ஆட்டத்திலேயே உள்ள காலிபரேஷன், அதாவது படத்தின் தாமதத்தையும் ஒலியின் தாமதத்தையும் அளந்து ஆட்டத்துக்குச் சொல்லிவிடுவது. படமும் ஒலியும் வெவ்வேறு அளவில் பிந்தக்கூடும், ஆதலால் இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும். ஒலி காற்றில் 3.4 மீட்டர் கடப்பதற்கே 10 மில்லிவிநாடி ஆகிறது. புளூடூத் ஒலிபெருக்கியாயின் 100, 200 மில்லிவிநாடி என்று போகும். அத்தகைய ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு இந்த ஆட்டத்தை ஆடவே கூடாது என்பேன்.

இங்கேதான் என் முதல் சினம். இவ்வளவு முக்கியமான அளவீட்டை, அமைப்புகள் என்ற பட்டியலுக்குள் ஒரு கிளைப் பட்டியலில் ஒளித்துவைத்தார்கள். பாட்டில் தோற்றால் கூட்டம் கூச்சலிட்டு விரட்டும் காட்சி மட்டும் யாரும் கேளாமலே திரையில் வந்து நிற்கும். கூடத்தை அளக்கும் கோலைப் பரணில் போட்டுவிட்டுத் தீர்ப்புப் பலகையை வாசலில் மாட்டியது போன்றது இது. செய்ய முடியாததால் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2008-ல் ராக் பேண்ட் இரண்டாம் பதிப்போடு வந்த கிட்டாரில் ஓர் ஒளியுணரியையும் சிறு ஒலிவாங்கியையும் பதித்திருந்தார்கள். கிட்டாரைத் திரைக்கு எதிரே பிடித்தால் அதுவே தாமதத்தை அளந்து சரிசெய்துகொள்ளும். அருமையான ஏற்பாடு. நோய் இன்னதென்று செய்தவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கும் அதுவே சான்று.

அடுத்தது பேட்டரி. லெஸ் பால் கிட்டாரில் இரண்டு ஏஏ பேட்டரிகள். பேட்டரி இறங்கும்போது கருவி உடனே சாவதில்லை, முதலில் தடுமாறும். இடையிடையே இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும். மறுமின்னேற்றம் செய்யும் பேட்டரிகள் 1.2 வோல்ட் தருபவை, சாதாரண அல்கலைன் பேட்டரிகள் புதிதில் 1.5 வோல்ட் தருபவை. பழையதையும் புதியதையும், ஒரு வகையையும் மறு வகையையும் கலந்து போடுவது தடுமாற்றத்தை விலைக்கு வாங்குவதாகும். ஆண்டுக்கணக்கில் மூலையில் கிடந்த கிட்டாரில் பேட்டரி கசிந்து, தகட்டில் வெள்ளைப் பூவோ பச்சைக் களிம்போ படர்ந்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவைத்தால் பல கருவிகள் உயிர்பெற்றுவிடும்.

மூன்றாவது, காற்று. இந்தக் கருவிகள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டின் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே தெருவில்தான் நடமாடுகின்றன. இன்று கணினியில் ஆடுபவர்கள் கவனிக்கவேண்டியது மற்றொன்றும் உண்டு. யுஎஸ்பி 3.0 துளைகளும் கம்பிகளும் அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. டாங்கிளை அந்தத் துளையில் நேரே செருகாமல், ஒரு நீட்டிப்புக் கம்பியின் நுனியில் மாட்டி, கிட்டாரின் கண்ணுக்கு எதிரே மேசைமேல் வைத்தால் பாதிப் புகார்கள் மறைந்துவிடும். இரும்பு அலமாரிக்குப் பின்னால் டாங்கிளைச் செருகிவிட்டுக் கிட்டாரைத் திட்டுவது நியாயமில்லை.

நான்காவது, மூட்டு. லெஸ் பால் கிட்டாரின் கழுத்தைக் கழற்றி வைக்கலாம், பெட்டியில் அடக்குவதற்காகச் செய்த வசதி. கழுத்தில் உள்ள பொத்தான்களின் செய்தி உடலுக்குப் போவது அந்த மூட்டில் உள்ள சிறு உலோக முனைகள் வழியாகத்தான். அவை அழுக்கேறினாலோ அழுந்தித் தளர்ந்தாலோ ஒரு நிறம் அல்லது எல்லா நிறமும் வேலைசெய்யாது. முனைகளைத் துடைக்கவேண்டும். கழுத்து ஆடினால் மடித்த காகிதத்தை அடையாக வைத்து இறுக்கவேண்டும். பொறுமையும் கைத்திறனும் உள்ளவர்கள் மூட்டைத் தாண்டிக் கம்பிகளை நேரே பற்றவைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கழுத்தைக் கழற்ற முடியாது, ஆனால் நோய் திரும்பாது. மீட்டும் பட்டையின் கீழுள்ள நுண்சுவிட்சும் தேயும் பொருளே. புதியதை வாங்கி மாற்றலாம்.

இவ்வளவும் செய்யக்கூடியவை. ஒரு திருப்புளியும் பஞ்சும் ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் போதும். செய்ய முடியாத ஒன்றுக்கு இப்போது வருகிறேன். என் இரண்டாவது சினம், பெரிய சினம், அதன்மேல்தான்.

பிளேஸ்டேஷன் 3 ஆட்டப்பெட்டிக்குள் புளூடூத் இருந்தது. ஆயினும் அதற்கு வந்த இக்கிட்டார்கள் அந்தப் பொதுவழியில் பேசவில்லை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு யுஎஸ்பி டாங்கிளோடு வந்தது. கட்டைவிரல் அளவுள்ள அந்தத் துண்டு தொலைந்தால், குறையே இல்லாத கிட்டார் ஒரு நொடியில் பிணம். வேறு நிறுவனத்தின் டாங்கிள் அதனோடு பேசாது. பழைய பொருள் விற்கும் இடங்களில் "டாங்கிள் இல்லை" என்ற குறிப்போடு கிட்டார்கள் அடிமாட்டு விலைக்குக் கிடப்பதை யாரும் காணலாம். கிட்டார் கெட்டுப்போனதால் அல்ல, அதன் மொழி தெரிந்த ஒரே ஆள் காணாமல் போனதால்.

எக்ஸ்பாக்ஸ் 360 வேறு வழி கண்டது. டாங்கிள் கிடையாது, வானொலியின் மறுபாதி ஆட்டப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. பெட்டியில் உள்ள சிறு பொத்தானையும் கிட்டாரில் உள்ள சிறு பொத்தானையும் அடுத்தடுத்து அழுத்தினால் இணைந்துவிடும். நிம்மதியான ஏற்பாடுதான், அடுத்த தலைமுறைப் பெட்டி வரும்வரை. 2015-ல் ராக் பேண்ட் 4 வந்தபோது, எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டிக்கு அந்தப் பழைய கிட்டார்களின் மொழி புரியவில்லை. இடையில் மொழிபெயர்ப்பாளனாக ஓர் அடாப்டர் தேவைப்பட்டது. அதைச் செய்து விற்ற மேட் கேட்ஸ் நிறுவனம் 2017-ல் திவாலாயிற்று. அடாப்டர் அரும்பொருளாயிற்று. இதற்கு நேர்மாறாக, பிளேஸ்டேஷன் 3 கிட்டார்களின் டாங்கிளைத் தொலைக்காமல் வைத்திருந்தவர்கள், அதை பிளேஸ்டேஷன் 4-இல் செருகி ராக் பேண்ட் 4-ஐ ஆட முடிந்தது. இதிலிருந்து நான் பெறும் பாடம், டாங்கிள் நல்லது என்பதோ கெட்டது என்பதோ அன்று. வானொலியின் மறுபாதி எவர் கையில் இருக்கிறதோ, கருவியின் ஆயுளும் அவர் கையில்தான் இருக்கிறது என்பதே.

இதைவிடக் கசப்பான ஒரு நிகழ்ச்சி 2007 டிசம்பரில் நடந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் கிட்டார் ஹீரோவின் லெஸ் பால் கருவி ராக் பேண்டில் வேலைசெய்யவில்லை. வேலைசெய்ய வைக்கும் மென்பொருள் ஒட்டு ஒன்றை ஹார்மோனிக்ஸ் தயாரித்தது, சோனியும் ஒப்புக்கொண்டது. வெளியிடுவதற்கு ஆக்டிவிஷன் மறுப்புத் தெரிவித்ததால் அது நின்றுபோயிற்று என்று ஹார்மோனிக்ஸ் வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த நாளில் ஒரு வீட்டில் பேட்டரியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னவென்று அறிவார்? அவர் கையிலிருந்த கிட்டாரில் பழுதில்லை, காற்றில் பழுதில்லை. பழுது இரண்டு நிறுவனங்களுக்கு இடையில் இருந்தது. அதை எந்தத் திருப்புளியாலும் முடுக்க முடியாது.

எல்லாம் இப்படித்தான் என்று சொன்னால் அநியாயம். நின்டெண்டோவின் வீ ஆட்டப்பெட்டிக்கு வந்த லெஸ் பால் கிட்டாரைப் பாருங்கள். அதன் உடலில் ஒரு குழி இருக்கும். வீ ரிமோட்டை அதில் வைத்துச் செருகியை மாட்டவேண்டும். வானொலி ரிமோட்டில், கிட்டார் வெறும் கம்பித் துணைக்கருவி. ரிமோட் கெட்டால் வேறொரு ரிமோட். கழுத்து மூட்டுத் தொல்லை இதற்கும் உண்டு என்றாலும், காற்றுத் தொல்லைக்கு விடை எப்போதும் கைவசம் இருந்தது. இன்று கணினியில் குளோன் ஹீரோ என்ற ரசிகர் ஆட்டத்தை ஆடுபவர்கள் தேடி வாங்கும் கிட்டார்களில் இது ஒன்று. செருகியின் முனையில் ஒரு சிறு அடாப்டரை மாட்டினால் போதும், கணினி ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறே 2007-ல் கிட்டார் ஹீரோ இரண்டாம் பதிப்போடு எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த கம்பியுள்ள எக்ஸ்புளோரர் கிட்டாரும் இன்றைய கணினியில் நேரே செருகியவுடன் இயங்குகிறது. வானொலியைத் தன் உடலுக்குள் பூட்டிக்கொள்ளாத கருவிகள் பிழைத்திருக்கின்றன.

முரசின் கதையும் இதையே சொல்கிறது. 2008-ல் வந்த கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூரின் கம்பியில்லா முரசுகளில் சில, தட்டினாலும் உணராமல் இருந்தன. ஆக்டிவிஷன் அப்போது ஒரு நல்ல காரியம் செய்தது. ஒவ்வொரு தட்டின் நுண்ணுணர்வையும் வீட்டிலேயே கூட்டிக் குறைக்கும் மென்பொருளைக் கொடுத்தது, முரசின் மிடி துளையைக் கணினியோடு இணைக்கும் கம்பியையும் கொடுத்தது. கம்பியில்லா முரசின் நோய் தீர்ந்தது கம்பியால்! அந்தத் துளை இல்லாதிருந்தால் தட்டியவரையே குறை சொல்லியிருப்பார்கள், "இன்னும் ஓங்கி அடி" என்று.

2015-ல் வந்த கிட்டார் ஹீரோ லைவ் இந்த நீண்ட பாடங்களில் எதையும் கற்றதாகத் தெரியவில்லை. மூன்று மூன்றாக ஆறு பொத்தான்கள் கொண்ட புதிய கிட்டார், அதனோடும் ஒரு டாங்கிள். பாடல்களில் பெரும்பகுதி இணையவழி ஓடையாக வந்தது. 2018 டிசம்பர் 1-ஆம் நாள் அந்த ஓடை மூடப்பட்டது. வட்டில் இருந்த 42 பாடல்கள் மட்டும் எஞ்சின. கருவி நன்றாக இருந்தும் அதற்கு வாசிக்கப் பாட்டு இல்லை. இதற்கு எந்தப் பட்டியலில் போய்ப் பழுது பார்ப்பது?

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு: "இது பொம்மைதானே, தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாமே." எதை வாங்குவது? ஆக்டிவிஷன் தன் கிட்டார் ஹீரோ பிரிவை 2011 பிப்ரவரியில் மூடியது. 2015-ல் மீண்டும் வந்து மீண்டும் மறைந்தது. பின்னர் 2024-ல் ரிஃப்மாஸ்டர் போன்ற புதிய கிட்டார்கள் வந்தன, மகிழ்ச்சி. ஆனால் அவையும் எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று எனப் பிரிந்து, டாங்கிளோடுதான் வந்தன. பழைய கருவிகளை ஆண்டுக்கணக்கில் வாழவைத்தவர்கள் அவற்றைத் தூக்கி எறியாதவர்களே. பொம்மை என்று சொல்வதால் பொறுப்புக் குறைந்துவிடாது. குழந்தை முதன்முதலில் தாளத்தைக் கையால் தொடுவது பல வீடுகளில் பொம்மையில்தான்.

இரண்டாவது மறுப்பு: "கம்பி இருந்தால் கால் தடுக்கும், பெட்டியே கீழே விழும், கம்பியின்மை ஒரு விடுதலை." ஒப்புக்கொள்கிறேன். நான்கு பேர் குதித்தாடும் அறையில் நான்கு கம்பிகள் பாம்புகளாகக் கிடப்பதை நான் விரும்பவில்லை. நான் கேட்பது கம்பியின்மை வேண்டாம் என்பதன்று. கம்பியில்லாதபோது கம்பியை மாட்டிக்கொள்ளவும் ஒரு துளை வேண்டும் என்பது. விடுதலை தருபவர் வீட்டுக்குத் திரும்பும் வழியையும் அடைக்கக்கூடாது.

மூன்றாவது மறுப்பு, சற்றுக் கனமானது: "நீ சொல்லும் ஆராய்ச்சியெல்லாம் தோற்றவர்களுக்குச் சாக்காக முடியும். பயிற்சி செய்யச் சொல்வதை விட்டுத் திருப்புளி எடுக்கச் சொல்கிறாய்." இதில் உண்மை உண்டு. கருவியையே குறை சொல்லிக்கொண்டு காலம் கழிப்பவர்களை நானும் வகுப்பறையில் பார்க்கிறேன், பேனா எழுதவில்லை என்பவர்கள். ஆனால் அவர்களுக்கு நான் செய்வது என்ன? என் பேனாவைக் கொடுத்து "இதில் எழுது" என்கிறேன். எழுதினால் பேனா குற்றம், எழுதாவிட்டால் அவர் குற்றம், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதனை சாக்கை வளர்ப்பதில்லை, சாக்கைக் கொல்கிறது. சீவகன் யாழைத் தள்ளியதோடு நின்றிருந்தால் காவியத்தில் அவனுக்கு இடமில்லை. நல்ல யாழ் கைக்கு வந்தபின் வாசித்து வென்றான், அதனால்தான் தள்ளியதற்கும் மரியாதை.

எனவே இத்தகைய கருவிகளைச் செய்பவர்களிடம் நான் கேட்பவை நான்கே. முதல் பாட்டுக்கு முன் காலிபரேஷன் தானாக வந்து நிற்கட்டும், தீர்ப்பு அதற்குப் பிறகு. எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த விளக்கு எரிகிறது என்று காட்டும் ஒரு சோதனைத் திரை ஆட்டத்திலேயே இருக்கட்டும். மீட்டலும் நெளிவும் சாய்வும் அதில் தெரியவேண்டும். டாங்கிள் தனியே விற்கப்படட்டும், ஒரு நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிடும் நாளில் இணைப்பு முறையையாவது வெளியிட்டுவிடட்டும். கடைசியாக, கம்பிக்கு ஒரு துளை. இவற்றுள் எதுவும் அரிய அறிவியல் அன்று. தானே தாமதத்தை அளக்கும் கிட்டார் 2008-லேயே வந்துவிட்டதைப் பார்த்தோம். விருப்பம்தான் குறை.

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்பது ஒன்றே. உங்கள் பிள்ளை "நான் சரியாகத்தான் அடிக்கிறேன்" என்று சொன்னால், உடனே நம்பவும் வேண்டாம், உடனே நகைக்கவும் வேண்டாம். கேம் மோடைப் போடுங்கள். தாமதத்தை அளந்து சொல்லுங்கள். புதிய பேட்டரி, கண்ணுக்கு எதிரே டாங்கிள், துடைத்த மூட்டு. பிறகு கிட்டாரை நீங்களே வாங்கி ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் ஆகும். ஒரு குழந்தை "எனக்குத் தாளம் வராது" என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு, அரைமணியில் அழியக்கூடியது அன்று.

அன்று அந்த நண்பர் உள்ளறை வாசலில் நின்று மகள் பாட்டை முடிப்பதைப் பார்த்தார். மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, நம் வீடுகளில் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. "இன்னொரு பாட்டு வாசிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் வாசித்தாள். அதிலும் சில பிழைகள் வந்தன. அவை அவளுடைய பிழைகள்தான், பயிற்சியால் திருந்தக்கூடியவை. அவற்றைப் பற்றி அவள் யாரையும் குறை சொல்லவில்லை.

கூடத்தை அளந்த பிறகும் ஆட்டம் தடுமாறினால், அப்போது தாராளமாகப் பழமொழியைச் சொல்லுங்கள். அதுவரை பழமொழியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு அளவுகோலை எடுங்கள்.